ஒன்பது துறைமுகம், ஒரே கட்டளை

போன மாதம் எங்கள் பழைய அலுவலகத்தில் ஒரு பிரிவு உபசார விருந்து. ஓய்வு பெற்றவர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்த பெண் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாதவள். மரியாதையாகத்தான் கேட்டாள், "எஸ்தர் சேச்சி இவ்வளவு வருஷம் இங்க என்ன ஒர்க் செய்தீங்க?"

"யூனிக்ஸ் மெஷினில சாஃப்ட்வேர் இன்ஸ்டால் செய்யதுக்கு பேக்கேஜ் உண்டாக்கினேன்" என்றேன்.

அவள் பப்படத்தை நொறுக்கிக்கொண்டே, "அது ஒரு லைன் கமாண்ட் அல்லே சேச்சி?" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. இரண்டாவது தடவை பாயசம் வாங்கிக் குடித்த பிறகுதான் கொஞ்சம் அடங்கியது. ஒரு வரிதான், உண்மை. அந்த வரியை அடித்துவிட்டு அவள் காப்பி குடிக்கப் போகலாம், திரும்பி வரும்போது எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். அது அப்படி இருப்பதற்கு எங்கோ ஒருத்தி உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது அவளுக்குத் தெரியாது. அங்கே வைத்துச் சொல்ல நேரமில்லை, எல்லோரும் இலையை மடக்கிவிட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

எனக்கு ஊர் பாறசாலைப் பக்கம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், ஞாயிற்றுக்கிழமை சபையில் இரண்டும். படித்தது பி.யு.சி.யும் டைப்ரைட்டிங் ஹையரும். ஒரு கயிறு ஏற்றுமதிக் கம்பெனியில் டெலெக்ஸ் அடித்தேன், கல்யாணம் செய்தேன், இரண்டு பிள்ளைகள் பெற்றேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தபோது அங்கே ஒரு நிறுவனத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். என் வேலை, என்ஜினீயர்கள் எழுதிய கையேடுகளைத் தட்டச்சு செய்வது. அடிக்கிறதைப் படிக்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. அப்படியே யூனிக்ஸ் படித்தேன். இரண்டு வருடத்தில், கையேட்டில் இந்தக் கட்டளை தப்பு என்று என்ஜினீயரைத் திருப்பி அனுப்புகிற அளவுக்கு வந்துவிட்டேன். தொல்லை பொறுக்காமல் என்னைப் பேக்கேஜிங் பிரிவுக்குத் தூக்கிப் போட்டார்கள். பதவி ஆபரேட்டர். ஒப்பந்தம் பதினொரு மாதம், ஒவ்வொரு முறையும் புதுப்பிக்க வேண்டும்.

அந்தப் பிரிவைப் பற்றி நாலு வரி சொல்லியாக வேண்டும். ஒரு மென்பொருள் என்பது ஒரு கோப்பு அல்ல. எங்களுடையதில் நானூறுக்கு மேல் இருந்தன. அவை கணினியில் வெவ்வேறு இடங்களுக்குப் போக வேண்டும். ஒவ்வொன்றும் யாருக்குச் சொந்தம், யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்பதும் சரியாக இருக்க வேண்டும். இந்தப் பிரிவு வரும்வரை எங்கள் என்ஜினீயர்கள் டேப்பைப் பையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறி, வாடிக்கையாளரின் கணினியில் கையாலேயே ஒவ்வொன்றாக வைத்துவிட்டு வருவார்கள். இரண்டை மறப்பார்கள், மறுபடியும் ரயில் ஏறுவார்கள். பேக்கேஜ் என்பது அந்த நானூறையும் ஒரே மூட்டையாகக் கட்டி, எது எங்கே எப்படி இருக்க வேண்டும் என்ற பட்டியலையும் அதற்குள்ளேயே வைப்பது. அவிழ்த்து வைக்க pkgadd, திரும்ப எடுக்க pkgrm. அந்தப் பட்டியலை எழுதுவதுதான் என் தொழில். என்ஜினீயர்கள் எங்களைப் பார்சல் செக்‌ஷன் என்பார்கள். மத்தியானம் வாசலில் தலையை நீட்டி, "சேச்சி, ரெண்டு பொறோட்டா பார்சல்" என்று சொல்லிவிட்டு ஓடுவார்கள்.

பிரிவுத் தலைவர் வைத்தியநாதன் சார். கிழக்கேகோட்டை அக்ரஹாரத்துக்காரர், என்னைவிட நாலு வயது இளையவர். அவர் பேசுகிற தமிழும் நான் பேசுகிற தமிழும் சேர்ந்தால் பக்கத்து மேஜைக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். அவர் கத்தியதே இல்லை. கோபம் வந்தால் மரியாதை கூடும். "எஸ்தர் மேடம் கொஞ்சம் எழுந்துக்கறேளா" என்றால் நான் ஏதோ பெரிய முட்டாள்தனம் செய்திருக்கிறேன் என்று அர்த்தம்.

அவருக்கு ஒரு வழக்கம். கட்டளையை அடித்து முடித்தவுடன் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட வேண்டும். திரையில் உள்ளதை வாய்விட்டுப் படிக்க வேண்டும். பிறகு அவர் கேட்பார், "இத எப்படித் திரும்ப எடுப்பேள்?" பதில் சொல்லத் தெரிந்தால் என்டரைத் தட்டலாம். தெரியாவிட்டால் வரியை அழிக்க வேண்டும். முதல் மாதத்தில் எனக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியது. டெலெக்ஸில் நிமிடத்துக்கு எழுபது வார்த்தை அடித்தவளைப் பிள்ளைகள் மாதிரி எழுத்துக்கூட்டிப் படிக்க வைத்தால் எப்படி இருக்கும். ஆனால் அழித்த வரிகளில் இரண்டு மூன்று, தட்டியிருந்தால் கணினியையே துடைத்துப் போட்டிருக்கும். அதற்குப் பிறகு நான் வாயைத் திறந்து படித்தேன்.

ஒவ்வொரு பேக்கேஜுக்கும் அவர் வைக்கும் பரீட்சை ஒன்று இருந்தது. நிறுவுவதற்கு முன் கணினியில் உள்ள எல்லாக் கோப்புகளின் பெயரையும் ஒரு பட்டியலாக எடுப்போம். பேக்கேஜை நிறுவுவோம், உடனே நீக்குவோம். மறுபடியும் பட்டியல் எடுப்போம். இரண்டையும் diff கட்டளையிடம் கொடுத்து ஒப்பிடச் சொல்வோம். ஒரு வரிகூட வேறுபடாமல் diff சத்தமில்லாமல் திரும்பி வந்தால் பாஸ். "வந்த மாதிரியே போகணும், அவ்வளவுதான்" என்பார் வைத்தியநாதன் சார். அந்தப் பரீட்சையில் அவருக்கு அப்படி ஒரு நம்பிக்கை.

அப்போதுதான் அந்த வேலை வந்தது. கடலோரத்தில் ஒன்பது மீன்பிடித் துறைமுகங்களில் கட்டுப்பாட்டு அறைகள். எந்தப் படகு எப்போது கடலுக்குப் போனது, யார் யார் அதில் இருக்கிறார்கள், திரும்பி வந்ததா என்று பதிவு செய்யும் மென்பொருள். காற்று எச்சரிக்கை வந்தால் வெளியே இருக்கும் படகுகளின் பட்டியலை அச்சடித்துக் கொடுக்கும். மழைக்காலம் தொடங்குவதற்கு முன் எல்லா இடத்திலும் ஓட வேண்டும்.

எங்கள் ஜி.எம். சென்னையில் பத்து வருடம் இருந்தவர். எங்களிடம் தமிழ் பேசுவதாக நினைத்துக்கொண்டு மலையாளம் பேசுவார். அவருக்குப் பேக்கேஜிங் பிரிவின் மேல் நம்பிக்கை கிடையாது. ஒன்பது என்ஜினீயரை ஒன்பது ஊருக்கு அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்பது அவர் கட்சி. வைத்தியநாதன் சார் விடவில்லை. கடைசியில் ஜி.எம். ஒரு நிபந்தனை வைத்தார்.

"விழிஞ்ஞத்தில ஒரு ட்ரையல். அவிட உள்ள ஆள்தான் இன்ஸ்டால் செய்யணும், நம்மள் ஆரும் கீபோர்டு தொடப்படாது. நடந்தா உங்க செக்‌ஷன் இருக்கும், எஸ்தரைப் பெர்மனென்டும் ஆக்காம். நடக்கலேன்னா செக்‌ஷனைப் பூட்டி, எஸ்தர் திரும்ப டைப்பிங்கிலேக்கு."

எனக்கு அப்போது முப்பத்தேழு வயது. டைப்பிங் மேஜைக்குத் திரும்பிப் போவதில் கேவலம் ஒன்றும் இல்லை, சோறு போட்ட வேலை அது. ஆனால் நான் யூனிக்ஸைத் தொட்டுவிட்டேன். பிறர் எழுதியதை அடிப்பதற்கும் நானே ஒன்றைக் கட்டி அனுப்புவதற்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரிந்துவிட்டது. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

ஆறு வாரம் வேலை செய்தோம். பரீட்சையில் diff சத்தமே காட்டவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை கிழக்கேகோட்டையிலிருந்து பஸ் பிடித்து விழிஞ்ஞம் துறைமுகத்துக்குப் போனோம். ஜி.எம். காரில் வந்தார்.

கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர் சிலுவதாசன். ஐம்பதைத் தாண்டியவர், முன்பு படகு ஓட்டியவர், முதுகு வலியால் கரைக்கு வந்தவர். ஒற்றை விரலால் தட்டச்சு செய்வார், ஆனால் தப்பே வராது. கணினி வந்து எட்டு மாதத்தில் தினசரிப் பட்டியலைத் தானே அச்செடுக்கப் பழகியிருந்தார். நான் மலையாளத்தில் எழுதிய ஒரு பக்கக் காகிதத்தை அவர் கையில் கொடுத்தேன். டேப்பைப் போடவும், இந்த வரியை அடிக்கவும், எது கேட்டாலும் சம்மதம் என்று y அடிக்கவும். மூன்றே படி.

எல்லா அதிகாரமும் உள்ள சூப்பர் யூசராக உள்ளே நுழைந்து அவர் அடித்தார். டேப் ஓடியது. கோப்புகளின் பெயர்கள் திரையில் மேலே ஏறின. நடுவில் ஏதோ கேட்டது, காகிதத்தைப் பார்த்து y அடித்தார். இன்னொன்று கேட்டது, மறுபடியும் y. இருபது நிமிடத்தில் வெற்றி என்ற வரி வந்தது. புது மென்பொருள் திறந்தது, ஒரு படகின் பெயரை ஏற்றுக்கொண்டது. ஜி.எம். வைத்தியநாதன் சாருக்குக் கை கொடுத்தார். டீ வந்தது. நான் அந்த டீயைக் குடித்து முடிக்கவில்லை.

சிலுவதாசன் சூப்பர் யூசரிலிருந்து வெளியேறி, தினமும் செய்கிறபடி தன் பெயரில் நுழைந்து அன்றைய பட்டியலை அச்சடிக்கக் கொடுத்தார். பிரின்டர் அசையவில்லை. மறுபடியும் கொடுத்தார். ஒன்றும் இல்லை.

"எந்தரு மோளே இது? காலத்த வர பிரிண்ட் வந்துதல்லோ" என்றார். காலையில்கூட அச்சு வந்த மெஷின்.

ஜி.எம். டம்ளரைக் கீழே வைத்தார். புதிய மென்பொருள் ஓடாதிருந்தால்கூடப் பரவாயில்லை, இது பழைய வேலையையும் நிறுத்திவிட்டது. விசைப்பலகையை நாங்கள் தொடக் கூடாது. நான் சிலுவதாசனின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றேன்.

"அண்ணே, ஒரு புது பைல் எழுதிப் பாருங்க. vi-ன்னு அடிங்க."

அடித்தார். தற்காலிகக் கோப்பை உருவாக்க முடியவில்லை, அனுமதி இல்லை என்று திரை சொன்னது. தற்காலிகக் கோப்புகள் எல்லாம் போவது /tmp என்ற பொது இடத்துக்கு. யூனிக்ஸில் எல்லோரும் எழுதக்கூடிய இடம் அது. அச்சிடும் நிரல், எடிட்டர் என்று எல்லாமே அங்கே ஏதாவது கிறுக்கித்தான் வேலை செய்யும்.

"இனி இத அடிங்க அண்ணே. எல், எஸ், ஒரு இடம் விட்டு, கோடு, எல், டி, இடம் விட்டு, சாய்கோடு, டி, எம், பி."

ஒரே ஒரு வரி வந்தது. அதன் தொடக்கத்தில் அனுமதிகளைக் காட்டும் எழுத்துகள் இருக்கும். /tmp-க்கு அங்கே எல்லோருக்கும் எழுத அனுமதி என்கிற w இருக்க வேண்டும், கடைசி எழுத்து, அடுத்தவர் கோப்பை அழிக்க விடாத t ஆக இருக்க வேண்டும். இங்கே w ஒருவருக்குத்தான் இருந்தது, சூப்பர் யூசருக்கு. கடைசியில் t இல்லை, x இருந்தது. யார் செய்தது என்று எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. நான்தான்.

நடந்தது இதுதான். துறைமுகங்களின் பெயர்ப் பட்டியலை நிறுவும்போது மட்டும் படித்துக்கொள்ளலாம் என்று /tmp-இல் ஒரு சிறு கோப்பு வைத்திருந்தேன். மூட்டையின் பட்டியலைத் தானாக எழுதித் தரும் கருவி, அந்தக் கோப்போடு /tmp-ஐயும் என்னுடைய பொருள் மாதிரி எழுதிவிட்டது. என் மேஜையில் இருந்த மாதிரிக் கோப்பகத்தின் அனுமதியையே அதற்கும் போட்டுவிட்டது. சொந்தக்காரர் பெயரைச் சூப்பர் யூசரான root என்று மாற்றிய நான், பக்கத்தில் இருந்த அனுமதி எண்ணைப் பார்க்கவில்லை. சிலுவதாசனின் கணினி ஒழுங்காக எச்சரித்திருக்கிறது, இந்த இடம் ஏற்கெனவே இருக்கிறது, அனுமதியை மாற்றட்டுமா என்று. எது கேட்டாலும் y அடிக்கச் சொல்லி என் காகிதம் அவரிடம் சொல்லியிருந்தது.

அலுவலகத்தில் ஏன் தெரியவில்லை? அங்கே நாங்கள் காலை முதல் சாயங்காலம் வரை சூப்பர் யூசராகவே உட்கார்ந்திருப்போம். சூப்பர் யூசருக்குப் பூட்டிய கதவே கிடையாது. கதவைப் பூட்டியது நாங்கள், பூட்டியது தெரியாதவர்களும் நாங்களேதான். வைத்தியநாதன் சாரின் பரீட்சையோ கோப்புகளின் பெயரை மட்டும் ஒப்பிட்டது. /tmp என்ற பெயர் முன்பும் இருந்தது, பின்பும் இருந்தது. diff-க்குச் சொல்ல ஒன்றுமில்லை.

நான் திரும்பினேன். "சார், தப்பு என்மேலதான். /tmp-ஐ நான் பூட்டிட்டேன்."

வைத்தியநாதன் சார் என்னைப் பார்த்துக் கேட்டார், "எப்படித் திரும்ப எடுப்பேள்?"

அந்த நேரத்திலும் அந்தக் கேள்வி. ஆனால் எனக்குப் பதில் தெரிந்திருந்தது. சூப்பர் யூசராக மறுபடி நுழையச் சொல்லி, சிலுவதாசனுக்கு ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். அனுமதியை மாற்றும் chmod, இடம், ஒன்று, ஏழு, ஏழு, ஏழு, இடம், /tmp. அவர் கையை எடுத்தார். நான் வாய்விட்டுப் படித்தேன். தட்டினார். பிறகு தன் பெயரில் நுழைந்து அச்சுக்குக் கொடுத்தார், பிரின்டர் கிர்ரென்று ஓடியது.

ஜி.எம். எழுந்தார். "இதினாதான் நான் என்ஜினீயரை அனுப்பாம்னு பறஞ்சது. மதி, எஸ்தர். நீங்க ட்ரை செய்தீங்க."

போதும் என்கிற அந்த மதியில் எனக்கு எங்கிருந்தோ ஆத்திரம் வந்தது. தப்பு செய்தவள் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும், நியாயம் அதுதான். நான் மூடவில்லை.

"சார், எனக்கு மூணு வாரம் தாங்க. இந்த ஒரு எடம் வேண்டாம். ஒம்பது எடத்திலயும் ஒரே நாள் வைங்க. நாங்க யாரும் போகமாட்டோம். உதவி வேணும்னு ஒரு போன் வந்தாக்கூட, நானே பேக்கேஜிங் மேஜையைக் காலி பண்ணிட்டு டைப்பிங்குக்குப் போயிடுதேன்."

வைத்தியநாதன் சார் தரையைப் பார்த்தார். ஜி.எம். சிலுவதாசனைப் பார்த்தார், சிலுவதாசனுக்கு என்ன புரிந்ததோ, தலையை ஆட்டினார். "செரி. ஒரு போன். ஒரே ஒரு போன்" என்றார் ஜி.எம்.

திரும்பி வரும் பஸ்ஸில் பாதி வழி வரை வைத்தியநாதன் சார் டிக்கெட்டின் பின்னால் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார், "உங்க தப்பு ஒரு வரி. என் டெஸ்ட்டுல இருந்த ஓட்டை அஞ்சு வருஷமா இருக்கு. அதுல எத்தனை பேக்கேஜ் பாஸாயிருக்கோ, கேட்டேளா?" அவர் அப்படிச் சொன்னபோது எனக்கு அழுகை வந்தது. ஒரு மேலதிகாரி தன் தப்பை முதலில் சொன்னதை அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை.

அந்த மூன்று வாரத்தைப் பற்றித்தான் நான் அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்க வேண்டும். நானூற்றுச் சொச்சம் வரிகளையும் தாளில் அச்செடுத்து, அளவுகோலை வைத்து ஒவ்வொரு வரியாக இறக்கிப் பார்த்தேன். எங்களுக்குச் சொந்தமில்லாத கோப்பகங்கள் பன்னிரண்டு இருந்தன. அந்த வரிகளில் அனுமதி, உரிமையாளர், குழு என்ற மூன்று இடத்திலும் எண்ணையும் பெயரையும் அழித்துவிட்டுக் கேள்விக்குறி போட்டேன். ? ? ? என்றால், இது உன்னுடையதல்ல, இருக்கிறபடியே விட்டுவிடு என்று அர்த்தம். கையேட்டின் பின்பக்கத்தில் ஒரு வரியில் அது சொல்லப்பட்டிருந்தது. அந்தக் கையேட்டை ஒரு காலத்தில் தட்டச்சு செய்தவளே நான்தான்.

பரீட்சையையும் மாற்றினோம். பட்டியலில் இனி பெயர் மட்டும் போதாது, அனுமதியும் உரிமையாளரும் வர வேண்டும். முதல் முறை ஓட்டியபோது diff பதினேழு வரி கக்கியது. எல்லாம் பழைய பரீட்சையில் பாஸானவை. வைத்தியநாதன் சார் ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டு, "எஸ்தர் மேடம், கொஞ்சம் காப்பி வாங்கிண்டு வரேன்" என்று தானே எழுந்து போனார். பதினேழையும் சுத்தம் செய்ய எட்டு நாள் ஆனது.

பிறகு சோதனைக் கணினியில் ஒரு சாதாரணப் பயனரை உருவாக்கினேன். எந்த அதிகாரமும் இல்லாதவர், அச்சடிக்கவும் பட்டியல் எழுதவும் மட்டும் தெரிந்தவர். பெயர் சிலுவன். நிறுவியவுடன் நாங்கள் சூப்பர் யூசரிலிருந்து வெளியேறி, சிலுவனாக நுழைந்து அவர் ஒரு நாளில் செய்யும் எல்லா வேலையையும் செய்து பார்க்க வேண்டும் என்பது விதி. திரையில் சூப்பர் யூசருக்கான # போய், மற்றவர்களுக்கான $ வரும்போதுதான் வேலையே தொடங்குகிறது என்று சொல்ல ஆரம்பித்தோம். பின்னால், இரண்டாயிரத்துக்குப் பிறகு, லினக்ஸ் வந்தது, பேக்கேஜ் கட்டும் கருவிகள் மாறின, கட்டளைகள் மாறின. சிலுவன் மட்டும் எங்கள் சோதனைக் கணினிகள் எல்லாவற்றிலும் இருந்தார். புதிதாக வருகிறவர்கள் அது யாரோ கடவுள் பெயர் என்று நினைத்தார்கள்.

கடைசியாகக் காகிதம். நிறுவுவதற்கு முன்பே வட்டில் இடம் இருக்கிறதா, பிரின்டர் இணைந்திருக்கிறதா என்று பேக்கேஜே பார்த்துக்கொள்ளும்படி எழுதினேன். இல்லையென்றால் ஒன்றையும் தொடாமல் நின்றுவிடும், என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும். அதைப் பஸ்ஸில் கொண்டுபோய் விழிஞ்ஞத்தில் சிலுவதாசனிடம் படிக்கக் கொடுத்தேன். அவர் இரண்டு இடத்தில் புரியவில்லை என்றார், அங்கேயே அடித்து எழுதினேன். y பற்றி மறுபடி கேட்டார். "ஒரு தடவ கேக்கும், தொடங்கட்டான்னு. அதுக்கு y. ரெண்டாந்தடவ என்ன கேட்டாலும் n அடிச்சு நிப்பாட்டிருங்க அண்ணே" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "இப்பளாக்கும் செரியாச்சுது" என்றார்.

ஒன்பது டேப்பும் ஒரு வாரம் முன்பே தபாலில் போயின. நாள் ஒரு வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி.

ஒன்பதரைக்கே ஜி.எம். எங்கள் அறைக்கு வந்து போன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். பார்சல் செக்‌ஷன் என்று கிண்டல் செய்தவர்கள் எல்லாம் ஏதோ வேலை இருப்பதுபோல வாசலில் நின்றார்கள். பத்தாயிற்று. பத்தரை. பதினொன்று. வைத்தியநாதன் சார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரில் இருந்த காலண்டரை வாசித்தார். பதினொன்றரைக்கு ஜி.எம். ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார், லைன் இருக்கிறதா என்று பார்க்க. இருந்தது.

பன்னிரண்டரைக்கு மணி அடித்தது.

ஜி.எம். எடுத்தார். வடக்கே ஒரு துறைமுகம். அவர் முகத்தையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு ரிசீவரைக் கையால் மூடி என்னிடம் கேட்டார்.

"டேப்பைத் திருப்பி அனுப்பணுமோ, வைக்கணுமோன்னு கேக்குந்நு."

"வச்சுக்கிடச் சொல்லுங்க சார்."

வைத்தியநாதன் சார் காலண்டரை விட்டுத் திரும்பி, "சார், இத உதவின்னு கணக்கு வைக்கப்படாது" என்றார். வாசலில் ஒரே சிரிப்பு. ஜி.எம்.மும் சிரித்தார். அவர் அலுவலகத்தில் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மத்தியானத்துக்கு மேல் ஜி.எம். பொறுக்கவில்லை. பட்டியலை வைத்துக்கொண்டு அவரே ஒவ்வொரு இடமாகக் கூப்பிட்டார். எட்டு இடத்தில் வேலை நடந்துகொண்டிருந்தது. அந்த எட்டில் ஒருவர் மட்டும் வட்டில் இடமில்லை என்று பேக்கேஜ் நின்றுவிட்டதாகவும், அது சொன்னபடி பழைய கோப்புகளை டேப்பில் ஏற்றிவிட்டு மறுபடி செய்ததாகவும் சொன்னார். ஏன் எங்களைக் கூப்பிடவில்லை என்று ஜி.எம். கேட்டதற்கு, என்ன செய்யணும்னு மெஷினே சொல்லிவிட்டதே என்றாராம். அதைக் கேட்டபோது எனக்கு இருந்த சந்தோஷத்தை இன்றும் சொல்லத் தெரியவில்லை. என் கல்யாணத்தன்றுகூட அவ்வளவு இல்லை, வீட்டுக்காரர் படித்தாலும் பரவாயில்லை.

கடைசியாக விழிஞ்ஞம். இந்தத் தடவை ஜி.எம். ஸ்பீக்கரைப் போட்டார்.

"சிலுவதாசா, இன்ஸ்டால் ஆச்சோ?"

"அது காலத்தே கழிஞ்ஞல்லோ சாரே."

"பிரிண்ட் வந்தோ?"

"வந்து. நாலு வள்ளத்துக்குப் பேரு எழுதி விட்டும் கழிஞ்ஞு. சாரே, வள்ளம் அடுக்குந்நு, நான் வைக்கட்டா?" படகு கரை சேருகிறதாம், பதிலுக்குக் காத்திருக்காமல் வைத்துவிட்டார்.

ஜி.எம். ஸ்பீக்கரை அணைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். "எஸ்தரே, ஆர்டர் திங்களாழ்ச தராம். டைப்பிஸ்ட் லீவில."

"எனக்கு டைப் தெரியும் சார்" என்றேன்.

அறையிலேயே இருந்த டைப் மெஷினில் லெட்டர்ஹெட்டைச் சொருகினேன். ஜி.எம். நின்றுகொண்டே சொன்னார், நான் அடித்தேன். தேதி, என் பெயர், நிரந்தர நியமனம். பதவி வந்த இடத்தில் "இன்ஸ்டலேஷன் அசிஸ்டென்ட்" என்றார்.

நான் கையை எடுத்துவிட்டேன். அதுவரை அடித்ததை வாய்விட்டுப் படித்தேன், பதவிக்கு முன்னால் நிறுத்தினேன். வைத்தியநாதன் சார் மெதுவாகச் சொன்னார், "சார், அந்த வரியை அப்புறம் திரும்ப எடுக்கறது கஷ்டம்."

ஜி.எம். ஒரு மூச்சு விட்டார். "என்ஜினீயர்னு அடி" என்றார்.

அடித்தேன். ஒரு எழுத்துகூடத் தப்பவில்லை. தாளை உருவி அவரிடம் நீட்டினேன், கையெழுத்துப் போட்டார்.